விடியப்புறமா, பின்னேரமா: எனக்கென்று ஒரு மணித்தியாலம் தேடியபோது

மட்டக்களப்பின் கல்லடியில் குடியிருந்து நகருக்கு வேலைக்குப் போய்வருகின்ற, பள்ளிக்கூடம் செல்லும் இரண்டு பிள்ளைகளின் தாய் நான். காலை எட்டரை முதல் மாலை நாலேகால் வரை கதிரையில் இருந்தபடியே செய்யும் வேலை என்பதால், உடற்பயிற்சிக்கென்று நேரம் ஒதுக்காவிட்டால் உடம்பு அசையாமலே ஒரு கிழமை கழிந்துவிடும். அந்த நேரத்துக்கு என் வீட்டில் இரண்டு இடங்களே இருந்தன: நாலரைக்கு எழும்பி வீடு விழிக்கும் முன் நடப்பது, அல்லது கந்தோர் விட்டு வந்தபின் கடற்கரைக்குப் போவது. ஒவ்வொன்றையும் ஆறு மாதம் செய்து பார்த்துவிட்டே இதை எழுதுகிறேன்.

எவ்வளவு நேரம் வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடலாம். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 ஆம் ஆண்டு வழிகாட்டல், வளர்ந்தவர்கள் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பிலோ, 75 முதல் 150 நிமிடம் வரை கடுமையான உடலுழைப்பிலோ ஈடுபட வேண்டும் என்றும், இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி செய்ய வேண்டும் என்றும் கூறுகிறது. கதைத்துக்கொண்டு நடக்கலாம், பாட்டுப் பாட மூச்சுப் போதாது என்ற வேகமே மிதமானது. கிழமைக்கு ஐந்து நாள், நாளுக்கு 30 நிமிட விரைந்த நடை இருந்தால் குறைந்த அளவு நிறைவேறிவிடும்.

உடம்பிடம் மட்டும் கேட்டால் அது பின்னேரத்தையே தெரிவு செய்யும். உடல் வெப்பநிலை விடியலுக்கு முந்திய மணிகளில் மிகக் குறைந்தும், பின்னேரத்தில் மிகக் கூடியும் இருப்பதால், தசைகளும் மூட்டுகளும் மாலையில் இலகுவாக இசைந்து கொடுக்கின்றன. இரவு முழுக்கப் படுத்திருக்கையில் முள்ளந்தண்டின் இடைத்தட்டுகள் நீரை உறிஞ்சிப் பருத்திருக்கும் என்பதால், எழும்பிய உடனே குனிந்து வளைவது முதுகுக்குப் பாரம். இது தெரியாமல், கட்டிலால் இறங்கிய கையோடு கால் விரலைத் தொடும் பயிற்சியைத் தொடங்கி, இரண்டாம் கிழமையிலேயே இடுப்புப் பிடித்து அவதிப்பட்டேன். அதன்பின் நடையை முதலிலும் குனியும் பயிற்சிகளைக் கடைசியிலும் வைத்துக்கொண்டேன். பிறகு அந்தத் தொல்லை வரவில்லை.

அடுத்தது காலநிலை. எங்கள் கரையில் சூரியன் கடலில் உதித்து வாவிப் பக்கம் மறைகின்றது. கச்சான் என்ற வறண்ட காற்று வீசும் மாதங்களில் பின்னேரம் நாலரைக்கும் தார் வீதி கொதிக்கும். ஆனால் ஐந்தரைக்குப் பின் கடற்கரை மணலில் நடப்பது போன்ற சுகம் வேறில்லை. அதே மாதங்களில் காலை ஏழு மணிக்கே வெயில் முகத்தில் அறையும் என்பதால், விடியப்புற நடையை அதற்குள் முடித்தாக வேண்டும். மட்டக்களப்பில் ஆண்டு முழுவதும் உதயம் ஏறத்தாழ 5.45க்கும் 6.25க்கும் இடையிலும், மறைவு 5.40க்கும் 6.25க்கும் இடையிலும் நிகழ்கின்றது. நவம்பரில் சூரியன் முந்தி மறைவதால், நாலேகாலுக்கு வேலை முடித்து, பேருந்து பிடித்து, தேநீர் குடித்து வெளிக்கிடுகின்றவருக்கு வெளிச்சமாகக் கிடைப்பது அரை மணித்தியாலந்தான். மாரி மழையோ இரண்டு வேளையையும் ஒன்றுபோலவே கெடுக்கும்.

பாதுகாப்பைப் பற்றிப் பெண்கள் வெளிப்படையாகவே பேச வேண்டும். விடிவதற்கு முன் ஒழுங்கைகளில் விளக்குகள் சில எரியாது. கட்டாக்காலி நாய்கள் கூட்டமாகத் திரியும். தனியே இரண்டு நாள் போய்ப் பயந்து திரும்பிய பின்னர், அடுத்த வீட்டு அக்காவைச் சேர்த்துக்கொண்டு, கையில் டோர்ச்சும் ஒரு தடியுமாக நடந்தேன். அந்தச் சிரமத்துக்கு ஈடாகப் பாலத்தடியில் ஒன்று கிடைத்தது. இருட்டு மெல்லக் கலைகையில், தோணியில் நிற்கும் ஒருவர் வலையைத் தோளில் மடித்து, பல்லால் ஓரத்தைக் கவ்விக்கொண்டு, இடுப்பைத் திருப்பி எறிவார். வலை வட்டமாக விரிந்து, ஈயக் குண்டுகள் அனைத்தும் ஒரே நேரத்தில் நீரில் விழும் ஓசை பாலத்தின் மேலேயும் கேட்கும். பின்னேரம் அதே இடத்தில் வாகன இரைச்சலைத் தவிர வேறொன்றும் காதில் விழாது.

ஆனாலும் என் தீர்மானத்தை மாற்றியது, அந்த நேரத்துக்கு யார் யார் உரிமை கோருகிறார்கள் என்பதே. நடந்த நாட்களைச் சுவர்க் கலண்டரில் புள்ளியிட்டு வைத்திருந்தேன். பின்னேர மாதங்களில் பெரும்பாலான கிழமைகளில் இரண்டு புள்ளிகளே இருந்தன. பிரத்தியேக வகுப்பிலிருந்து பிள்ளையைக் கூட்டி வருவது, கந்தோரில் கடைசி நேரத்தில் வரும் கோப்பு, செத்தவீடு, கோயில் திருவிழா, சொல்லாமல் வரும் உறவினர் என்று ஒவ்வொன்றும் நியாயமாகவே அந்த நேரத்தைக் கேட்கும். விடியப்புறம் ஐந்து மணிக்கு என்னிடம் எவரும் ஒன்றும் கேட்பதில்லை. விடியப்புற மாதங்களில் கிழமைக்கு நான்கு புள்ளிகள் விழுந்தன. பின்னேரத்துக்கும் ஒரு சிறப்பு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. பிள்ளைகள் கூட வந்தார்கள், மணலில் ஓடினார்கள், நெடுநாள் காணாத சிநேகிதிகளைக் கண்டேன். அது குடும்பத்துக்கான நேரமாக இருந்தது, எனக்கான நேரமாக இருக்கவில்லை.

“ஐந்து மணிக்கு எழும்புங்கள்” என்று அறிவுரை கூறுபவர்களுள் பலர், அந்த வேளை எங்கள் வீடுகளில் ஏற்கெனவே அடுப்படிக்கு எழுதிக் கொடுக்கப்பட்டுள்ளதை நினைப்பதில்லை. இடியப்பம் பிழிந்து, சொதி வைத்து, சம்பல் இடித்து, மூன்று சாப்பாட்டுப் பெட்டிகளை நிரப்ப வேண்டிய பெண், வேலையைப் பகிராமல் இன்னும் ஒரு மணித்தியாலம் முந்தி எழும்பினால், அந்த நேரம் அவளுடைய நித்திரையிலிருந்தே கழிகின்றது. எனவே ஓர் இரவு நான் கணவரிடம் நேராகவே கேட்டேன்: “நீங்க தேங்காயைத் திருவி, வெங்காயத்தையும் உரிச்சு வையுங்க. நான் ஆறு மணிக்குள்ள வந்திருவன்.” அவர், “போயித்து வாங்க, நான் பாக்கிறன்” என்றார். இத்தனை வருடமும் நான் கேட்கவில்லை என்பதும் அன்றுதான் எனக்கு உறைத்தது. திருவலையில் அவர் இருக்கத் தொடங்கிய நாளிலிருந்தே என் விடியப்புற நடை நிலைபெற்றது.

நித்திரைக் கணக்கில் விட்டுக்கொடுப்புக் கூடாது. வளர்ந்தவருக்கு ஏழு மணித்தியாலமாவது தேவை என்பது மருத்துவர்களின் பொதுவான பரிந்துரை. முதல் மாதத்தில் பதினொன்றுக்குப் படுத்து நாலரைக்கு எழும்பினேன். நாளுக்கு ஒன்றரை மணித்தியாலக் குறை என்றால், ஐந்து நாளில் ஏழரை மணித்தியாலம், அதாவது ஒரு முழு இரவு, என்னிடமிருந்து போய்விட்டது. கந்தோரில் கண் சொருகியது, பிள்ளைகள் மீது எரிந்து விழுந்தேன், பத்து மணிக்கே இனிப்பான தேநீருக்கு மனம் ஏங்கியது. இராச் சாப்பாட்டை ஒன்பதிலிருந்து ஏழரைக்கு மாற்றி, கைபேசியைப் படுக்கையறைக்கு வெளியே வைத்து, ஒன்பதரைக்குப் படுக்கத் தொடங்கிய பின்பே உடம்பு தெளிந்தது. இரவை இப்படி மாற்ற முடியாதவர்கள் பின்னேரத்தையே தெரிவு செய்வது நல்லது. வளரிளம் பருவத்தில் உடற்கடிகாரம் இயல்பாகவே பிந்தி ஓடுவதால், உயர்தரம் படிக்கும் பிள்ளையை நம்மோடு நாலரைக்கு எழுப்பி இழுத்துச் செல்வதும் சரியன்று.

கல்முனையில் தாதியாக இரவுக் கடமை செய்யும் என் தங்கைக்கு இவ்விரண்டு வேளையும் பொருந்தா. அவளுக்கு நான் சொல்வது துண்டு துண்டாக நடக்கும் வழியை. ஒரு தடவைக்குப் பத்து நிமிடமாவது நடந்தாலே கணக்கு என்ற பழைய நிபந்தனையை 2020 வழிகாட்டல் கைவிட்டுவிட்டது. சாப்பிட்டபின் பதினைந்து நிமிடம் நடப்பது இரத்தத்தில் சர்க்கரை ஏறுவதைத் தணிக்கும் என்பதால், நீரிழிவு உள்ள என் மாமிக்கும் அதுவே ஏற்றது. இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் குளிசைகளோ எடுப்பவர்கள், வெறும் வயிற்றில் விடியப்புறம் நடக்கத் தொடங்கும் முன் தங்கள் மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும்.

இப்போது திங்கள் முதல் வியாழன் வரை விடியப்புறம் நடக்கிறேன். சனிக்கிழமை பின்னேரம் பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போகிறேன். மழை நாளில் விறாந்தையிலேயே பயிற்சி செய்கிறேன். நடந்து வந்ததும் படியில் இருந்து ஒரு பிளேன்டி குடிப்பேன். உள்ளே திருவலையின் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும், பிள்ளைகள் எழும்ப இன்னும் கால் மணித்தியாலம் இருக்கும்.