குழந்தையின் ஒவ்வாமைக்கு 'நிரந்தரத் தீர்வு' என்று யார் சொன்னாலும் பணம் கட்டாதீர்கள்: 34,500 ரூபாய் போன கதை

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "போனது போகட்டும், விடு" என்று நானே சொல்லிவிடுவேன். போனது 34,500 ரூபாய். மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு என்று எடுத்துவைத்திருந்த பணம். பெயரைப் போடாதே, வழக்கு கிழக்கு என்று இழுப்பார்கள் என்று வீட்டில் சொல்கிறார்கள். அதனால் வகையை மட்டும் சொல்கிறேன்: கைபேசிச் செயலி வழியாக ஆள் பிடித்து, கோவையில் ஒரு மாடி அலுவலகத்தில் ரத்தம் எடுத்து, மூலிகைப் பொடியும் விற்கும் 'ஒவ்வாமை நல்வாழ்வு மையம்'.

என் மகளுக்கு நான்கு வயது. முந்திரி, பிஸ்தா, முட்டை மூன்றும் ஆகாது. கூடவே வீசிங், அதாவது ஆஸ்துமா. முந்திரி ஆகாது என்பது ஒரு வளைகாப்பில்தான் தெரிந்தது. யாரோ பாசத்தில் ஒரு துண்டு முந்திரி கேக்கை அவள் வாயில் வைத்துவிட்டார்கள். உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, வாந்தி எடுத்து, மூச்சு விசிலடிக்கத் தொடங்கிவிட்டது. அவசரப் பிரிவில் தொடையில் அட்ரினலின் ஊசி போட்டுத்தான் மீட்டார்கள். அதன்பிறகு எந்த விருந்துக்குப் போனாலும் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. பொங்கலில் முந்திரி கண்ணுக்குத் தெரியும். குருமாவில் அரைத்துவிட்டால் எப்படித் தெரியும்? சமையற்காரரைக் கேட்டால் "கொஞ்சம்தான் போட்டிருக்கிறேன்" என்பார்.

குழந்தை மருத்துவர் தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனை செய்து உறுதிப்படுத்தினார். காலையும் இரவும் மூச்சுக்குழாய் வீக்கத்தைக் குறைக்கும் புடெசோனைட் இன்ஹேலரை, ஸ்பேசர் என்ற குழாயை வைத்துக் கொடுக்கச் சொன்னார். ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாத குழந்தைக்கு உணவு ஒவ்வாமை உயிருக்கே ஆபத்தாகும் வாய்ப்பு அதிகம், எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள் என்றார். பேனா வடிவ அட்ரினலின் ஊசி நம் ஊர் மருந்துக்கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. அதனால் ஆம்பூலும் (சிறு மருந்துக் குப்பி) சிரிஞ்சும் எழுதிக்கொடுத்து, எவ்வளவு எடுக்க வேண்டும், எங்கே குத்த வேண்டும் என்று பழக்கிவிட்டார்.

ஆனால் இன்ஹேலர் என்றாலே நம் வீடுகளில் முகம் சுளிப்பார்கள். "இந்த வயதிலேயே பம்ப்பா? பழகிவிட்டால் விடாதே" என்று மாமியார் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து "இன்ஹேலர் இல்லாத குழந்தைப் பருவம்" என்று விளம்பரம் வந்தால் யாருக்குத்தான் மனம் அசையாது?

அதை நம்பி அந்த மையத்துக்குப் போனேன். அங்கே இருந்த ஆலோசகப் பெண்ணை இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. அவ்வளவு அன்பு! மகளுக்கு வண்ணப் பென்சிலும் தாளும் கொடுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். திங்கள் முதல் ஞாயிறு வரை குழந்தை என்னென்ன சாப்பிடுகிறாள் என்று ஒன்றுவிடாமல் கேட்டு எழுதிக்கொண்டாள். நடுவில் கைபேசியைத் தொடவே இல்லை. "என் பையனும் இப்படித்தான் இருந்தான் அக்கா, இப்போது ஓடுகிறான்" என்று ஒரு படத்தைக் காட்டினாள். எந்த மருத்துவரிடமும் எனக்கு இவ்வளவு நேரம் கிடைத்ததில்லை. வெளியே வரிசை நிற்கும்போது அவர்களும் என்ன செய்வார்கள். நான் அழுதேன். டிஷ்யூ தாளை நீட்டிய அதே கையால் பணம் கட்டும் கியூஆர் அட்டையையும் நகர்த்தி வைத்தாள். இருநூறுக்கும் மேற்பட்ட உணவுகளுக்கு ரத்தப் பரிசோதனை 18,500, மூன்று மாதப் பொடி 16,000. மொத்தம் 34,500.

அறிக்கை வந்தது. பக்கம் பக்கமாக வண்ணத்தில். சிவப்புக் கட்டத்தில் அரிசி, துவரம் பருப்பு, கோதுமை, பால், தக்காளி. அதாவது அவள் தினமும் சாப்பிட்டு நன்றாக இருக்கும் எல்லாமும். பச்சைக் கட்டத்தில், "தாராளமாகக் கொடுக்கலாம்" என்ற தலைப்பின் கீழ், முந்திரி. அதற்கு இரண்டு வரி தள்ளி முட்டை வெள்ளைக்கரு. கடைசிப் பக்கத்தில் இன்ஹேலரைப் படிப்படியாக நிறுத்தச் சொல்லி ஓர் அட்டவணை.

அதை எடுத்துக்கொண்டு நேராகக் குழந்தை மருத்துவரிடம் ஓடினேன். அவர் முதல் பக்கத்தைப் பார்த்ததும், "இது ஐஜிஜி. நமக்கு வேண்டியது ஐஜிஇ" என்றார். இரண்டும் ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்புப் புரதங்கள்; இப்படி உடனே வரும் ஒவ்வாமைக்குக் காரணம் ஐஜிஇ. அடிக்கடி சாப்பிடும் உணவுக்கு உடம்பில் ஐஜிஜி உருவாவது இயல்பாம். அதனால் தினமும் சாப்பிடும் அரிசி சிவப்பு, வாயிலேயே வைக்காத முந்திரி பச்சை. உணவு ஒவ்வாமையைக் கண்டறிய இந்த வகைப் பரிசோதனை உதவாது என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர் அமைப்பு 2008-லேயே சொல்லிவிட்டதாம். இத்தனை வருடம் கழித்தும் இங்கே 18,500 ரூபாய்க்கு விற்கிறார்கள்! அறிக்கையை நம்பி வீட்டில் யாராவது ஒரு முந்திரியைக் கொடுத்திருந்தால்?

பொடி டப்பாவையும் திருப்பிப் பார்த்தேன். எறும்பு ஊர்வதைப் போன்ற எழுத்தில், "முந்திரி, பாதாம் இருக்கக்கூடும்." முந்திரி ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு!

பணத்தைக் கேட்டேன். மையத்தில், "பணம் செயலிக்குத்தான் போயிருக்கிறது, அவர்களைக் கேளுங்கள்." செயலியில், "நாங்கள் இணைத்துவைப்பவர்கள் மட்டுமே, மையத்தைக் கேளுங்கள்." மேலாளர் எப்போது கூப்பிட்டாலும் கூட்டத்தில் இருந்தார். என்ன கூட்டமோ, முடியவே முடியாத கூட்டம். பிறகு ஒருவர், நான் கையெழுத்துப் போட்ட படிவத்தின் அடியில் "இது நோயறிதலுக்கானது அல்ல" என்று இருப்பதைப் படித்துக் காட்டினார். ரசீதிலும் பரிசோதனை என்ற சொல்லே இல்லை. "நல்வாழ்வு ஆலோசனை" என்று போட்டிருக்கிறார்கள். அந்த அன்பான ஆலோசகப் பெண் என் எண்ணை முடக்கிவிட்டாள். கடைசியாக, 34,500 ரூபாய்க்குப் பதிலாக அடுத்த பொடிக்குப் பாதி விலைச் சலுகை தருகிறோம் என்றார்கள். கத்திவிட்டேன்.

விரிவாக ஆலோசனை எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரமாகச் சில. ஐஜிஜி என்று எழுதிய எந்த உணவுப் பரிசோதனைக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். உங்கள் மருத்துவரைக் கேட்காமல் இன்ஹேலரை ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள், யார் என்ன சொன்னாலும், மாமியாரே சொன்னாலும். முந்திரியோ முட்டையோ ஒத்துக்கொள்கிறதா என்று வீட்டில் சோதித்துப் பார்க்காதீர்கள். அதை மருத்துவமனையில், ஊசி மருந்து தயாராக இருக்கும்போதுதான் செய்வார்கள். "ஆஸ்துமாவைக் குணப்படுத்துகிறோம்" என்று எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாது என்று 1945 மருந்து விதிகளின் ஜே அட்டவணையே சொல்கிறது. அந்த வாசகம் கண்ணில் பட்டால் படியேறாதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகாரைப் பதியுங்கள். நான் பதிந்துவிட்டேன், பதில் இன்னும் இல்லை. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கட்டிய பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே புகாருக்குக் கட்டணம் கிடையாது. ரசீது, அறிக்கை, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆத்திரத்தில் பொடி டப்பாவைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், அதுவும் சாட்சி. குழந்தையின் கை எட்டாத இடத்தில் வையுங்கள்.