மாணவர் எடுத்த சர்வே அளவுகளும் கியூஜிஐஎஸ்ஸும்: ஆறு வருட அனுபவம்

கோவைக்குக் கிழக்கே ஒரு பொறியியல் கல்லூரியில் சர்வே லேப் என் பொறுப்பு. வருடாவருடம் சிவில் மாணவர்கள் உயரம் பார்க்கும் ஆட்டோ லெவல், கோணமும் தூரமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன், செயற்கைக்கோள் வழி இடம் காட்டும் டிஜிபிஎஸ் வைத்து வளாகத்தை அளப்பார்கள். மதிப்பெண் போட்டதும் அந்த அளவுகள் ரெக்கார்டு நோட்டோடு பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும். மனசு கேட்காமல், ஆறு வருடமாக எல்லாவற்றையும் கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் சேர்த்து வருகிறேன்.

முதலில் ஷேப்ஃபைல் என்ற பழைய வரைபடக் கோப்பு வடிவம். அதன் அட்டவணையில் பத்தியின் பெயர் 10 எழுத்தைத் தாண்டாது. ஒரு லேயருக்கே (வரைபடத்தின் ஓர் அடுக்கு) நாலைந்து கோப்பு. அப்புறம் ஜியோபேக்கேஜ் என்ற இன்னொரு வடிவத்துக்கு மாறினேன். எல்லா லேயரும் ஒரே கோப்பில் அடங்கிவிடுகிறது.

மென்பொருளை விட முக்கியமானது ஒன்று உண்டு: மாணவர் எழுதிய முதல் எண்ணை யாரும் அழிக்கக் கூடாது. போன ஆடியில் ஒரு குழு 2.25 கி.மீ. சுற்றி லெவல் எடுத்து வந்தது. குளோசிங் எரர், அதாவது தொடங்கிய இடத்துக்கே திரும்பியபோது உயரத்தில் வந்த வித்தியாசம், 87 மி.மீ. கி.மீ. தூரத்தின் வர்க்கமூலத்தை 24-ஆல் பெருக்கும் கணக்குப்படி 36 மி.மீ. வரைதான் விடலாம்.

"மறுக்கா எடுத்துரலாங்களா சார்?" என்றாள் ஒரு மாணவி.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் ஸ்டாஃப் (அளவுகோல்) நேராக நிற்காத நேரம் அது. "இரும்மா, முதல்ல ஃபீல்டு புக்கைப் பார்க்கலாம்" என்றேன். பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் 9-இன் மடங்காக வரும். 87 என்பது 90-க்குக் கிட்ட. ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்துப் புள்ளியோடு இணைத்து வைத்திருந்தோம். கருவியை இடம் மாற்றும் ஒரு சேஞ்ச் பாயிண்டில் பென்சிலில் 1.435, எக்செலில் 1.345. திருத்தியதும் பிழை 3 மி.மீ. திருத்திய எண், திருத்தியவர், தேதி எல்லாம் தனிப் பத்திகளில் இருக்கின்றன. பழைய 1.345-ம் அப்படியே இருக்கிறது.

உயரத்துக்குப் பக்கத்தில் அது எதிலிருந்து அளந்தது என்றும் எழுத வைக்கிறேன். டிஜிபிஎஸ் தரும் நீள்கோள உயரம் (பூமியைக் கணித நீள்கோளமாக வைத்து அளப்பது) நம் பக்கம் கடல்மட்ட உயரத்தை விடச் சுமார் 90 மீட்டர் குறைவு. இரண்டையும் கலந்தால் கான்டூர் (சம உயரக் கோடு) முழுக்கப் பாழ்.

மண்டலமும் அப்படித்தான். உலகை மண்டலங்களாகப் பிரிக்கும் யூடிஎம் முறையில் கோவை, ஈரோடு 43-இல். 78 பாகைத் தீர்க்கரேகை தாண்டியதும் நாமக்கல், சேலம் 44-இல். நாமக்கல் முகாமில் எடுத்த புள்ளிகளை 43 என்று ஏற்றினோம். லட்சத்தீவுப் பக்கம் கடலில் போய் விழுந்தன.

குறையும் உண்டு. நெட்வொர்க்கில் இருவர் ஒரே ஜியோபேக்கேஜைத் திறந்து திருத்தினால் பூட்டிக்கொள்ளும். திறந்திருக்கும்போது அதை மட்டும் பென்டிரைவில் நகலெடுத்தால் கடைசித் திருத்தங்கள் விட்டுப்போகலாம். அவை பக்கத்திலுள்ள, -wal என்று பெயர் முடியும் தற்காலிகக் கோப்பில் இருக்கும். ஒரு மதியத்து வேலை எனக்கு அப்படிப் போனது. இப்போது மூடிய பிறகுதான் நகல். பத்துப் பேர் ஒரே நேரத்தில் திருத்த வேண்டுமென்றால் போஸ்ட்ஜிஐஎஸ் என்ற தரவுத்தளம் நல்லது.

ஆறு வருடப் புள்ளிகளையும் சேர்த்துக் கால் மீட்டர் கான்டூர் போட்டபோது, விடுதிக்குப் பின்னால் மழைநீர் தேங்கும் பள்ளம் தெளிவாகத் தெரிந்தது. ஐப்பசி மழைக்கு முன் அங்கே வாய்க்கால் வெட்டச் சொல்லியிருக்கிறேன். வெட்டியதும் புது பேட்ச் அதன் அடிமட்டத்தில்தான் முதல் ஸ்டாஃப் வைக்கும்.