கால் தமனிகளுக்கு சி.டி. ஆஞ்சியோகிராம்: டாப்ளர், எம்.ஆர்., கதீட்டர் முறைகளோடு ஓர் ஒப்பீடு

காலில் ரத்த ஓட்டம் குறைந்தவருக்கு முதல் பரிசோதனையாக, மீயொலி அலைகளால் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் அமைவதே முறை. அதில் கதிர்வீச்சும் இல்லை, சாய மருந்தும் இல்லை. சுருங்கிய இடத்தில் ரத்தம் பாயும் வேகம், அதற்குச் சற்று முன்னுள்ள பகுதியின் வேகத்தைவிட 2 மடங்கைத் தாண்டினால், தமனி பாதிக்கு மேல் அடைபட்டிருப்பதாகக் கொள்ளலாம். ஆனால் குடலிலுள்ள வாயு மறைப்பதால் இடுப்புத் தமனிகள் பலருக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. முடிவும் ஸ்கேன் செய்பவரின் தேர்ச்சியைப் பொறுத்தே அமைகிறது.

சி.டி. ஆஞ்சியோகிராமின் அருமை பைபாஸ் அறுவைக்குத் திட்டமிடும்போது புரியும். கையின் சிரை வழியாக அயோடின் கலந்த சாய மருந்தைச் செலுத்தி, வயிற்றுப் பெருந்தமனி முதல் பாதம் வரை ஒரு நிமிடத்துக்குள் படமெடுத்துவிடலாம். விபத்துக் காயங்களில் இந்த வேகம் காலையே காப்பாற்றக்கூடியது. ரத்தம் ஓடும் வழியோடு தமனிச் சுவரும் சுற்றியுள்ள தசையும் இதில் தெரிகின்றன. முழங்காலுக்குப் பின்னால் வீங்கிய தமனியின் உட்புறம் ரத்தக்கட்டியால் நிரம்பியிருந்தால், கதீட்டர் எனும் மெல்லிய குழாயைத் தமனிக்குள் செலுத்தி எடுக்கும் படத்தில் அது இயல்பான அகலத்தோடு தோன்றி ஏமாற்றக்கூடும், சி.டி.யில் அந்த வீக்கம் தப்பாது.

சி.டி. தடுமாறும் இடம் முழங்காலுக்குக் கீழே. நீண்டகால நீரிழிவு உள்ளவர்களுக்கும் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கும் அங்குள்ள மெல்லிய தமனிகளில் கால்சியம் படிந்திருக்கும். படத்தில் அந்தப் படிவு உள்ளதைவிடப் பெரிதாகப் பரவித் தெரிவதால், திறந்திருக்கும் தமனிகூட அடைபட்டதுபோல் தோன்றும். தவிர, ரத்த ஓட்டம் மந்தமான காலில் மருந்து பாதத்தை அடையும் முன்பே இயந்திரம் கடந்துவிடுவதும் உண்டு. உடனே கீழ்க்காலை இன்னொரு முறை படமெடுப்பது அதற்குத் தீர்வு.

காந்தப்புலத்தின் உதவியால் படமெடுக்கும் எம்.ஆர். ஆஞ்சியோகிராமுக்குக் கால்சியம் தடையில்லை. ஆனால் நேரம் அதிகம், உலோக ஸ்டென்ட் உள்ள இடம் கறுத்துப்போகும், சிறுநீரகம் மிகவும் பழுதடைந்தவர்களுக்கு இதில் பயன்படும் கடோலினிய சாய மருந்தைக் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கதீட்டர் ஆஞ்சியோகிராமுக்குத் தமனியையே ஊசியால் துளைக்க வேண்டும். ரத்தக்கசிவு அபாயமும் உண்டு. ஆயினும் கணுக்கால், பாதத் தமனிகளை இவ்வளவு நுட்பமாகக் காட்டுவது வேறில்லை. அதே அமர்விலேயே பலூன் வைத்து அடைப்பை விரிக்கவும் முடியும். அயோடின் ஒவ்வாதவர்களுக்குக் கரியமில வாயுவைச் செலுத்தியும் கால் தமனிகளைப் படமெடுக்கலாம். ஆகவே, கால்சியம் மிகுந்த காலில் கீழ்க்காலின் மூன்று தமனிகளும் அடைபட்டுவிட்டதாக சி.டி. அறிக்கை சொன்னால், அதை மட்டும் வைத்துக் காலை அகற்ற முடிவெடுப்பது தவறு. நோயாளியின் உடல்நிலை இடங்கொடுத்தால், கதீட்டர் படம் எடுத்துப் பார்த்த பிறகே அந்தப் பேச்சைத் தொடங்க வேண்டும்.