பரங்கிக்கொடி: தரையிலா, மாடியிலா?

திருவொற்றியூர், தண்டையார்பேட்டை பக்கம் வீட்டோரம் கொஞ்சம் மண் இருந்தாலே பெரிய விஷயம். அதில் பரங்கி போட்டால் வேர் தாராளமாக ஓடும். 7, 8 கிலோ வரை காய்க்கும் கோ 1 ரகத்துக்குத் தரைதான் சரி. ஆனால் கடலோரத் தெருக்களில் போர் தண்ணீர் உப்பு, இலையோரம் கருகும். ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கினால் வேரே அழுகிவிடும்.

மாடியில் மண் நிரப்பிய செடிப்பையில் மழைநீர் வடிந்துவிடும். பைக்கு மெட்ரோ தண்ணீரில் ஒரு குடம் ஒதுக்கினால் உப்புத் தொல்லையும் இல்லை. வெயிலில் மட்டும் இருவேளை ஊற்ற வேண்டும். ரகம் சின்னதாக இருக்கட்டும்: கோ 2, இல்லையென்றால் ஒரு கிலோ அளவில் காய்க்கும் அர்க்கா சூர்யமுகி.

மாடியில் தேனீ வராவிட்டால் நாம்தான் கைகொடுக்க வேண்டும். முதலில் பூப்பதெல்லாம் பெரும்பாலும் ஆண் பூ, கவலை வேண்டாம். அடியில் குட்டி உருண்டையோடு பெண் பூ விரிந்த அன்று, விடிந்த கையோடு ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, அதன் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவுங்கள். இல்லையென்றால் பிஞ்சு மஞ்சளாகி உதிரும். அப்படி உதிர்வதைப் பார்த்தால் மனசு ஆறாது.

வடசென்னைக்கு என் ஓட்டு மாடிக்கே. தை மாதம் விதை போடுங்கள்.