குளிர்கால மனச்சோர்வுக்கான ஒளி விளக்கு: ஒரு பருவம் முழுவதும் பயன்படுத்திய பின் எழுதும் மதிப்புரை

காலையில் கண் விழிக்கும்போதும் இருட்டு, மாலையில் வேலை முடிந்து வெளியே வரும்போதும் இருட்டு என்று நாட்கள் சுருங்கிவிடும் மாதங்களில் மனம் தாழ்ந்துபோகிறவர்களுக்கென்றே விற்கப்படும் மேசை விளக்கு இது. டேப்லெட் அளவுள்ள வெள்ளைப் பலகை, அதைத் தாங்கப் பின்புறம் ஒரு கம்பி, பக்கவாட்டில் ஒற்றைப் பொத்தான், வேறெதுவும் இல்லை. ஒரு குளிர்காலம் முழுவதும் இதைப் பயன்படுத்தியிருக்கிறேன். எனக்குப் பலன் கிடைத்தது. ஆனால் பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் 10,000 லக்ஸ் என்ற எண்ணை மட்டும் பார்த்து யாரும் இதை வாங்கிவிடக் கூடாது என்பதற்காகவே விரிவாக எழுதுகிறேன்.

லக்ஸ் என்பது ஒரு பரப்பின் மீது வந்து விழும் ஒளியின் அளவு. எவ்வளவு தூரத்தில் என்று சொல்லாதவரை அந்த எண்ணுக்குப் பொருளே கிடையாது. இந்த விளக்கின் கையேட்டில், கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் அந்தத் தூரம் 15 சென்டிமீட்டர் என்று இருக்கிறது. அது ஒரு சாணுக்கும் குறைவு. அவ்வளவு நெருக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் யாராலும் உட்கார்ந்திருக்க முடியாது. லக்ஸ் மீட்டரை முகம் இருக்கும் இடத்தில் பிடித்து அளந்து பார்த்தேன். இயல்பாக உட்கார்ந்து வாசிக்கும் தூரத்துக்கு விளக்கைத் தள்ளி வைத்ததும் அளவு 3,000-க்கும் கீழே இறங்கிவிட்டது. பலகை சிறியதாக இருந்தால் இப்படித்தான் ஆகும். இதைவிடப் பெரிய பலகை கொண்ட விளக்குகள் இடத்தை அடைத்துக்கொள்ளும் என்றாலும், 30 சென்டிமீட்டருக்கு அப்பாலும் போதிய ஒளியைத் தருவதால், தலையைச் சற்று அசைத்தாலும் பலன் குறைந்துவிடாது.

அதற்காக இந்தச் சிறிய விளக்கு வீண் என்று சொல்லிவிட முடியாது. ஒளிச் சிகிச்சை குறித்த தொடக்ககால ஆய்வுகளில் 2,500 லக்ஸ் அளவு ஒளியையே நாளொன்றுக்குச் சில மணி நேரம் பயன்படுத்தினார்கள். அரை மணி நேரம் போதும் என்ற கணக்கு 10,000 லக்ஸ் விளக்குகள் வந்த பிறகு ஏற்பட்டது. ஆகவே, இதைத் தள்ளி வைத்துப் பயன்படுத்துகிறவர்கள் அதற்கேற்ப நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

வீட்டில் எல்லா விளக்குகளையும் போட்டுக்கொண்டால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். வீட்டுக்குள் இருக்கும் வெளிச்சம் பெரும்பாலும் 500 லக்ஸைத் தாண்டுவதில்லை. நல்ல வெயிலில் வெளியே அது 50,000-க்கும் மேல் போகும். கண் எளிதில் பழகிவிடுவதால் இந்த வேறுபாடு நமக்கு உறைப்பதில்லை. ஆனால் விழித்திரையில், பார்ப்பதற்கான செல்களைத் தவிர, மெலனாப்சின் என்ற நிறமியைக் கொண்ட சில நரம்பு செல்களும் இருக்கின்றன. வெளிச்சத்தின் அளவை உணர்ந்து, மூளைக்குள் இருக்கும் உடல் கடிகாரத்துக்குப் பொழுது விடிந்துவிட்டது என்று தெரிவிப்பவை அவைதாம். பருவகால மனச்சோர்வு என்ற நோய்நிலையை 1984-இல் மனநல மருத்துவர் நார்மன் ரோசென்தாலும் அவருடைய சகாக்களும் விவரித்தபோதே ஒளியைச் சிகிச்சையாகச் சோதித்திருந்தார்கள். 2006-இல் வெளியான ஒரு கனடிய ஆய்வில், 10,000 லக்ஸ் ஒளியும் ஃபுளுவாக்ஸெடின் என்ற மனச்சோர்வு மருந்தும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் தந்தன.

என் அனுபவத்தில் முதலில் மாறியது தூக்கம்தான். மனநிலை அதற்குப் பின்னரே மாறியது. எவ்வளவு தூங்கினாலும் போதாமல், எழுந்த பிறகும் கைகால்கள் கனத்துக் கிடக்கும் அந்த நிலை முதலில் விலகியது. யாரையும் பார்க்கப் பிடிக்காமல் ஒதுங்கிக்கொள்ளும் போக்கு மெல்ல மெல்லத்தான் குறைந்தது. எழுந்த ஒரு மணி நேரத்துக்குள், விளக்கைக் கண் மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்து, அதை நேராகப் பார்க்காமல் புத்தகம் வாசிப்பேன். மாலையில் பயன்படுத்தினால் தூக்கம் தள்ளிப்போய்விடும் என்பதால் அந்த நேரத்தைத் தவிர்ப்பது நல்லது. தொடக்கத்தில் லேசான தலைவலியும் கண் உறுத்தலும் இருந்து, பிறகு நின்றுவிட்டன.

வடிவமைப்பில் எனக்கு உண்மையிலேயே எரிச்சல் தருவது அந்தப் பொத்தான். முந்தைய நாள் வைத்த ஒளி அளவை அது நினைவில் வைத்திருப்பதில்லை. தினமும் மிகக் குறைந்த நிலையிலேயே தொடங்குகிறது. முழு ஒளி வரும்வரை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். கையை அசைக்கவே மனம் வராத ஒருவருக்காகச் செய்த கருவியில் இது சிறிய குறை அன்று.

இருமுனை மனநோய் உள்ளவர்களுக்கு இத்தகைய ஒளி மிகையெழுச்சியை, அதாவது மனம் அளவுக்கு மீறிய உற்சாகத்துக்கோ படபடப்புக்கோ போய்விடும் நிலையைத் தூண்டக்கூடும். விழித்திரை நோய் உள்ளவர்களும், ஒளிக்கூச்சத்தை உண்டாக்கும் மருந்துகளை எடுத்துக்கொள்பவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் இதைத் தொடங்கக் கூடாது. கையேடு இதை ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறது. பெட்டியின் மேலேயே அச்சிட்டிருக்க வேண்டிய செய்தி அது. அதேபோல், வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் தலைகாட்டினால், விளக்கு பலன் தரட்டும் என்று காத்திருக்காமல் உடனே உதவியை நாட வேண்டும்.

விளக்கு வைத்திருப்பவர்களும் பேச்சு வழிச் சிகிச்சையைப் பற்றி யோசிக்கலாம். இவ்வகைச் சோர்வுக்கென வடிவமைத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றிக்கொள்ளப் பயிற்றும் பேச்சு வழிச் சிகிச்சை) ஒளிச் சிகிச்சையோடு ஒப்பிட்ட ஓர் அமெரிக்க ஆய்வில், முதல் குளிர்காலத்தில் இரண்டும் சமமாகவே பலன் தந்தன. இரண்டு குளிர்காலங்கள் கழித்துப் பார்த்தபோது, பேச்சு வழிச் சிகிச்சை பெற்றவர்களுக்குச் சோர்வு திரும்புவது குறைவாக இருந்தது.

விளக்கையே வாங்குவதென்று முடிவு செய்தால், இலையுதிர் காலம் முடிவதற்குள் வாங்குங்கள். ஒளி பலன் தருமா என்பது பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களிலேயே தெரிந்துவிடும். ஆகவே, ஒரு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்க அனுமதிக்கும் கடையைத் தேர்ந்தெடுங்கள். புற ஊதாக் கதிர்களை வடிகட்டும் வசதியும், எத்தனை சென்டிமீட்டர் தூரத்தில் எத்தனை லக்ஸ் என்ற விவரமும் எழுத்தில் இருக்கின்றனவா என்று பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.