ட்ரினிட்டி கல்லூரியின் ரென் நூலகம்: கும்பகோணத்து கணக்கு டீச்சர் பார்த்தது

மகன் வீட்டில் இரண்டு மாதம் இருக்கலாம் என்று இங்கிலாந்து போயிருந்தேன். லண்டனில் பார்க்க வேண்டிய இடங்களை அவன் வரிசையாக எழுதி வைத்திருந்தான். நான் கேட்டது ஒன்றே ஒன்று, கேம்பிரிட்ஜில் ட்ரினிட்டி கல்லூரியின் ரென் நூலகம். கும்பகோணத்தில் 32 வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, ராமானுஜன் கைப்பட எழுதிய காகிதங்கள் இருக்கும் இடத்தைப் பார்க்காமல் ஊர் திரும்பினால் எனக்கு மனசு ஆறாது.

கட்டணம் கிடையாது. நாங்கள் போனபோது வார நாட்களில் மதியம் 12 மணியிலிருந்து 2 மணி வரை பொதுமக்களை விட்டார்கள். நூலகம் மாடியில். கீழே தூண் தாழ்வாரமும் நெவில் முற்றமும். அந்த முற்றத்தின் வடக்குத் தாழ்வாரத்தில்தான் நியூட்டன் காலைத் தரையில் தட்டி, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்து ஒலியின் வேகத்தைக் கணக்கிட்டார். முதல் உலகப் போர் மூண்ட 1914-இல் அடிபட்ட சிப்பாய்களுக்கு அங்கே படுக்கை போட்டு ஆஸ்பத்திரி ஆக்கியிருந்தார்கள். ராமானுஜன் வந்து சேர்ந்தது அதே வருஷம் ஏப்ரலில். இதைச் சொன்னதும் மகன் தாழ்வாரத்தை இன்னொரு தடவை திரும்பிப் பார்த்தான்.

மேலே ஏறியதும் வாயடைத்துப் போனேன். கட்டடத்தை வரைந்தவர் கிறிஸ்டோபர் ரென், கூலி வாங்காமல். 1676-இல் தொடங்கி 1695-இல் முடித்திருக்கிறார்கள். நீளமான கூடம், இரண்டு பக்கமும் ஓக் மர அலமாரிகள், அவற்றுக்கு மேலே ஜன்னல்கள். அலமாரி ஜன்னலை மறைக்காததால் கூடம் முழுக்க வெளிச்சம். அலமாரி முகப்புகளில் பூவும் காயுமாக மரச்செதுக்கல். எங்கள் ஊர்த் தேரைப் பார்த்த கண்ணுக்கே அது பிரமிப்பாக இருந்தது.

கண்ணாடிப் பெட்டிகளின் மேல் வெளிச்சம் படாமல் துணி போட்டிருக்கிறார்கள். நாமே தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப மூட வேண்டும். ஒரு பெட்டியில் நியூட்டனுடைய சொந்தப் பிரதி, 1687-இல் அச்சான பிரின்சிபியா, இயக்க விதிகளை அவர் எழுதிய புத்தகம். அடுத்த பதிப்புக்காக அச்சு வரியை அடித்துவிட்டு ஓரத்தில் பொடிப்பொடியாகத் திருத்தம் எழுதியிருக்கிறார். மை பழுப்பேறிவிட்டது, ஆனால் அடித்த கோட்டில் துளி நடுக்கம் இல்லை. பிள்ளைகள் நோட்டில் அடித்தல் திருத்தல் இருந்தால் மார்க் குறைத்தவள் நான். அந்தப் பக்கத்தை விட்டு நகர எனக்கு மனசே வரவில்லை. மில்டன் கையெழுத்துக் கவிதைகளும் இருந்தன. அதைப் படிக்கும் அளவுக்கு எனக்கு ஆங்கிலக் கவிதை தெரியாது.

ராமானுஜனின் 'தொலைந்த நோட்டுப்புத்தகம்' அன்று பார்வைக்கு வைத்தவற்றில் இல்லை. அந்த மாதிரி மூலங்களை ஆராய்ச்சி செய்கிறவர்கள்தான் முன்கூட்டி எழுதிக் கேட்டுப் பார்க்க முடியும், அதுதான் நியாயம். பெயர்தான் நோட்டுப்புத்தகம், உள்ளதெல்லாம் உதிரித் தாள்கள். 1919-இல் ஊர் திரும்பி, 1920 ஏப்ரலில் கண்மூடும்வரை, படுத்த படுக்கையிலும் போட்ட கணக்குகள். 600-க்கு மேல் சூத்திரங்கள். நிரூபணம் ஏறக்குறைய எதற்குமே இல்லை.

அந்தத் தாள்கள் போன வழியை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்கும். சென்னைப் பல்கலைக்கழகம் 1923-இல், ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்த கணித அறிஞர் ஹார்டிக்கு அனுப்பியது. அவரிடமிருந்து வாட்சன் என்ற பேராசிரியரிடம் போனது. அவர் 1965-இல் இறந்தபோது படிப்பறைத் தரையில் ஓரடி உயரத்துக்குக் காகிதம் கலைந்து கிடந்ததாம். சில நாளில் எல்லாவற்றையும் எரித்துவிட இருந்தார்கள். பார்க்க வந்த விட்டேகர் என்ற கணித அறிஞர் அந்தக் குவியலுக்குள் கைவிட்டு இழுத்ததில் இது வந்தது. ராங்கின் என்பவர் மூலமாக 1968 டிசம்பரில் ட்ரினிட்டிக்கு வந்து சேர்ந்தது. 1976-இல் அமெரிக்கர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் இங்கே வந்து வாட்சனின் காகிதங்கள் இருந்த பெட்டியைத் திறந்தார். ஆண்ட்ரூஸ் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ந்ததே, ராமானுஜன் கடைசிக் காலத்தில் கண்டுபிடித்த 'மாக் தீட்டா' என்ற வகைச் சார்புகளைத்தான். அதனால் பார்த்தவுடன் இனம் கண்டுகொண்டார். அதன்பிறகு அவரும் புரூஸ் பெர்ண்ட் என்ற கணித அறிஞரும் அந்தச் சூத்திரங்களுக்கு நிரூபணம் எழுதி 5 தொகுதிகளாக வெளியிட்டார்கள். கடைசித் தொகுதி வந்தது 2018-இல்.

1968-க்கும் 1976-க்கும் நடுவில் எட்டு வருஷம் அந்தத் தாள்களை ஒருவரும் கேட்கவில்லை. கேட்காததைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்களே, அதற்காகவே இந்த நூலகத்தைக் கையெடுத்துக் கும்பிடலாம். நான் படித்த கல்லூரியில் (பெயர் வேண்டாம்) ஐம்பது வருஷத்து ஆண்டு மலர்களை, இடம் அடைக்கிறது என்று பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டார்கள். எங்கள் பேராசிரியர் அதில் தமிழில் எழுதிய கணக்குக் கட்டுரைகளைத் தேடிப் போன அன்றைக்குத்தான் தெரிந்தது. நூலகர் நல்ல மனுஷர். "டீச்சர், யாரும் கேக்கலையேம்மா" என்றார். அதை நினைத்துக்கொண்டுதான் அந்தக் கூடத்தில் ரொம்ப நேரம் நின்றேன்.

அங்கிருந்த பணியாளர் அம்மாவிடம், நான் ராமானுஜன் ஊர்க்காரி என்று எனக்கு வந்த ஆங்கிலத்தில் சொன்னேன். எந்த வீடு, எந்தத் தெரு என்று விசாரித்தார். சாரங்கபாணி சன்னிதித் தெரு என்றேன். மெதுவாக உச்சரித்துப் பார்த்தார்.

போகிறவர்களுக்கு: லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஸ்டேஷனிலிருந்து கல்லூரி நடைக்கு அரை மணிக்குக் குறையாது. முழங்கால் வலி இருந்தால் பஸ் ஏறிவிடுங்கள், நூலகப் படிகளுக்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். திறக்கும் நேரம் மாறலாம், கல்லூரியின் இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கதவு திறக்கும்போதே போய் நிற்பது நல்லது. எனக்கு அந்த இரண்டு மணி நேரம் போதவில்லை.