‘அங்கே போய் மாத்திக்கலாம் சிஸ்டர்’ என்று யாராவது சொன்னால்

கனடாவில் இருக்கும் கணவரிடமோ மனைவியிடமோ போகக் காத்திருப்பவர்கள், அதிலும் சென்னையில் ஏஜென்ட் தேடிக்கொண்டிருப்பவர்கள், இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள். நான் கட்டிவிட்டுத்தான் எல்லாவற்றையும் படித்தேன்.

என் வீட்டுக்காரர் பிராம்ப்டனில் இருக்கிறார். அங்கேயே படிப்பை முடித்து, அதற்குக் கிடைத்த ஒர்க் பெர்மிட்டில் ஒரு உணவகத்தில் சூப்பர்வைசர் வேலை. கல்யாணமான பதினோராம் நாள் விமானம் ஏறினார். அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் வீடியோ காலில்தான் குடித்தனம். 2025 மார்ச்சில், இனி பொறுக்க முடியாது என்று, குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறி, மாம்பலத்தில் இறங்கி, ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் நீந்தி, தி.நகரில் ஒரு மாடி அலுவலகத்துக்கு அப்பாவோடு போனேன். சுவர் முழுக்க விசா ஒட்டிய பாஸ்போர்ட்டுகளின் கலர் ஜெராக்ஸ். ஊரார் பாஸ்போர்ட்டை இப்படி ஒட்டிவைக்கிறவர் நம்முடையதை மட்டும் பத்திரமாக வைத்திருப்பாரா என்று அன்றைக்குத் தோன்றவில்லை.

“கணவர் ஒர்க் பெர்மிட்ல இருக்காரா? அப்ப உங்களுக்கு ஓப்பன் ஒர்க் பெர்மிட் கன்ஃபார்ம் சிஸ்டர்” என்றார் ஏஜென்ட். எந்த முதலாளியிடமும் வேலை பார்க்கலாம் என்ற அனுமதி அது. மொத்தம் 1,60,000 ரூபாய். பில் கேட்டேன். “பில் போட்டா 18 சதவீதம் ஜிஎஸ்டி சேரும், பரவாயில்லையா?” என்றார். அப்பா உடனே வேண்டாம் என்றுவிட்டார். அவருடைய பிஎஃப் பணம் அது. அந்த ஒரு பதிலிலேயே எங்கள் பிடி போய்விட்டது.

ஏஜென்ட் சொல்லாதது இது. 2025 ஜனவரி 21 முதல் கனடா விதியை மாற்றிவிட்டது. கணவர் வேலையில் இருந்தால் மட்டும் போதாது. அவருடைய வேலை, வேலைகளைத் தரம் பிரிக்கும் அவர்கள் கணக்கில் டியர் (TEER) 0 அல்லது 1 என்ற உயர் பிரிவில் வர வேண்டும். டியர் 2, 3 என்றால் அரசு தேர்ந்தெடுத்த சில துறைகளில் இருக்க வேண்டும். அதோடு, அவருடைய பெர்மிட்டில் குறைந்தது 16 மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். மாணவர்களின் துணைவருக்கும் இதே மாதிரிக் கெடுபிடிதான்: 16 மாதமோ அதற்கு மேலோ ஓடும் மாஸ்டர்ஸ், பிஎச்டி, இன்னும் சில தொழிற்படிப்புகள், அவ்வளவுதான். உணவக சூப்பர்வைசர் அந்தப் பட்டியலில் இல்லை. நாங்கள் ஏஜென்ட் முன்னால் உட்கார்ந்திருந்த அன்றே எனக்குத் தகுதி கிடையாது. கனடா அரசின் தளத்தில் பத்து நிமிஷம் செலவழித்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும்.

விசா விண்ணப்ப மையமான விஎஃப்எஸ் போய் கைரேகையும் போட்டோவும் கொடுத்துவிட்டு வந்தேன். பிறகு மௌனம். வாரா வாரம் போன் செய்தால் “ப்ராசஸிங்ல இருக்கு” என்பார். ஜூலையில் அவரே அழைத்தார். ஒர்க் பெர்மிட் இழுக்கிறது, கூடவே விசிட்டர் விசாவும் போட்டுவிடலாம், “அங்கே போய் ஒரு முதலாளியைப் பிடிச்சு ஒர்க் பெர்மிட்டா மாத்திக்கலாம் சிஸ்டர், எல்லாரும் அப்படித்தான் போறாங்க” என்றார். அதற்கு இன்னும் 35,000. அதில் ‘பயோமெட்ரிக்’ என்று, அதாவது கைரேகைக்கும் போட்டோவுக்கும், ஒரு 6,000.

அந்த ஆறாயிரம்தான் அவரைக் காட்டிக்கொடுத்தது. என் நாத்தனார், “ஒரு தடவை கொடுத்தா பத்து வருஷத்துக்குச் செல்லுமே, திரும்ப எதுக்கு?” என்று கேட்டாள். நான் அவரிடம் கேட்டேன். அவர் மழுப்பினார். நேரில் போய் உட்கார்ந்துகொண்டு, என் விண்ணப்பக் கணக்கின் லாகின் கொடுத்தால்தான் எழுந்திருப்பேன் என்றேன். அவர் சாப்பிடப் போன நேரத்தில், கணக்கு எழுதும் பெண் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தாள். அவளுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

என் பெயரில் அவர்களே ஒரு ஜிமெயில் தொடங்கியிருந்தார்கள். அதைத் திறந்தால், ஒர்க் பெர்மிட் மே மாதமே நிராகரிக்கப்பட்டிருந்தது. இரண்டு மாதம் எனக்குச் சொல்லவே இல்லை. அதைவிடப் பயங்கரம், ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்த விசிட்டர் விண்ணப்பம். ‘எந்த நாட்டிலாவது உங்களுக்கு விசாவோ பெர்மிட்டோ மறுக்கப்பட்டிருக்கிறதா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று குறித்திருந்தார்கள். மறுத்ததே கனடாதான்! அவர்களிடமே இல்லை என்று பொய். இது தவறான தகவல் என்று தீர்மானித்தால் ஐந்து வருஷம் அந்த நாட்டுக்குள் நுழையத் தடை விழும். அந்தத் தடை ஏஜென்ட்டுக்கு இல்லை, எனக்கு. யார் நிரப்பினாலும் பொறுப்பு விண்ணப்பதாரருடையதுதான். காசு வாங்கிக்கொண்டு விண்ணப்பம் போடுகிறவர் கனடாவில் உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும், அவர் பெயரை அதற்கென்று உள்ள படிவத்தில் காட்ட வேண்டும். என் கோப்பில் அந்தப் படிவமே இல்லை. கனடாக்காரர்களைப் பொறுத்தவரை அப்படி ஒரு ஏஜென்ட் இந்த உலகத்திலேயே கிடையாது.

அந்த ‘மாத்திக்கலாம்’ கதையும் பழங்கதை. விசிட்டராகப் போனவர்கள் உள்ளேயிருந்தே முதலாளி வழியாக ஒர்க் பெர்மிட் கேட்கலாம் என்று கொரோனா காலத்தில் ஒரு சலுகை இருந்தது. 2024 ஆகஸ்ட் 28-ஆம் தேதியோடு அதை நிறுத்திவிட்டார்கள். துணைவர் என்ற முறையில் தகுதி உள்ளவர்கள் இன்றும் உள்ளேயிருந்து விண்ணப்பிக்கலாம்தான், ஆனால் எனக்கு அந்தத் தகுதியே இல்லையே. அவர் பேச்சை நம்பிப் போயிருந்தால் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

அன்று ராத்திரியே பாஸ்வேர்டை மாற்றினேன். நடந்ததை எழுதி, முடிவு வருவதற்குள் அந்த விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றேன். அரசுக் கட்டணம் என்னவென்று அப்போதுதான் பார்த்தேன்: ஓப்பன் ஒர்க் பெர்மிட்டுக்கு 255 டாலர், கைரேகைக்கு 85. நம் பணத்தில் சுமார் 21,000 ரூபாய். மீதியெல்லாம் எங்கே போனது என்பது அந்தச் சுவர் ஜெராக்ஸுகளுக்குத்தான் வெளிச்சம்.

பணத்தைக் கேட்டால், “சர்வீஸ் கொடுத்தாச்சே மேடம்” என்றார். சிஸ்டர் போய் மேடம் ஆகிவிட்டேன். ஜிபே ஸ்கிரீன்ஷாட்டுகள், வாட்ஸப் குரல்பதிவுகள், மே மாத நிராகரிப்புக் கடிதம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வேப்பேரி கமிஷனர் அலுவலகத்தில் புகார் கொடுத்தோம். விசாரணைக்கு அழைத்த மறுநாள் 70,000 அப்பா கணக்குக்கு வந்தது. மீதிக்கு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். 5 லட்சம் வரை அங்கே கட்டணமே இல்லை, வக்கீல் இல்லாமல் நாமே மனு போடலாம். பில் இல்லாததுதான் இப்போது தொண்டையில் முள்.

விசிட்டர் விசாவுக்கு நானே மறுபடி விண்ணப்பித்திருக்கிறேன். அந்தக் கேள்விக்கு ‘ஆம்’ என்று குறித்து, மே மாதம் நடந்ததையும் ஜூலையில் நடந்ததையும் ஒரு பக்கக் கடிதமாக வைத்தேன். கைரேகைக்கு இந்த முறை ஒரு பைசா கேட்கவில்லை. இன்னும் பதில் வரவில்லை.